இரண்டரைச் சுற்று

2024 மார்ச்சில் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது இலியா மாலினின் பெயரைத்தான். சொல்ல வேண்டிய பெயர்தான். 19 வயது அமெரிக்கர். குறும் ஆட்டத்தில் மூன்றாமிடத்தில் இருந்தவர், ஃப்ரீ ஸ்கேட்டில் ஆறு முறை நான்கு சுற்றுத் தாவல்களை இறக்கிவைத்தார். அதில் ஒன்று ஆக்ஸெல். கணக்குப்படி நாலரைச் சுற்று. 227.79 புள்ளிகள், அப்போதைய உலக சாதனை. அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் அந்த வாரத்தின் ஆகச் சிறந்த தாவல் எது என்று என்னைக் கேட்டால், ஜப்பானின் காவோரி சகாமோட்டோ போட்ட டபுள் ஆக்ஸெல் என்றே சொல்வேன். வெறும் இரண்டரைச் சுற்று!

தாவல்களில் ஆக்ஸெல் ஒன்றில்தான் ஆடுபவர் முன்னோக்கிப் பாய்ந்து எழும்ப வேண்டும். எழும்புவது முன்னோக்கி, இறங்குவது பின்னோக்கி என்பதால் அரைச் சுற்று கூடிவிடுகிறது. எதிரே வெறும் பனியைப் பார்த்துக்கொண்டு பாய்வது பயம் தரும் காரியம். அதனால் பலரும் எழும்புவதற்கு முன் வேகத்தைச் சற்று அடக்கி, உடம்பைத் திரட்டிக்கொள்கிறார்கள். சகாமோட்டோவிடம் அந்தத் தயக்கமே கிடையாது. முழு வேகத்தில் வருகிறார். இடது காலின் வெளிவிளிம்பில் சாய்கிறார். வலது முழங்கால் மேலே வீசி எழுகிறது. உயரத்தைவிட அவர் கடக்கும் தூரம்தான் கண்ணைப் பறிக்கிறது.

அதைவிட அழகு, இறங்கும் இடம். ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்பகுதி தட்டையானது இல்லை. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடுகிறது. அதன் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூரான விளிம்புகள். வலது காலின் வெளிவிளிம்பில், பின்னோக்கி இறங்க வேண்டும். சுமாராக இறங்குபவரின் பிளேடு பனியைச் சுரண்டும். பாதை கொக்கிபோல் சட்டென்று வளைந்து நின்றுவிடும். சகாமோட்டோ இறங்கும்போது முழங்கால் மெதுவாக மடிந்து விசையை வாங்கிக்கொள்கிறது. வந்த வேகம் குறையாமல், பெரிய வளைவு ஒன்று பின்னால் விரிந்துகொண்டே போகிறது. துரித ஸ்வரங்களைப் பாடி முடித்த வித்வான் ஒரே ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நிற்பாரே, அந்தச் சுகம் இதில் இருக்கிறது.

நடுவர்களும் இதைக் கவனிக்கிறார்கள். தாவலுக்கென்று உள்ள அடிப்படை மதிப்பு போக, செய்த விதத்துக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை தனியாகத் தருகிறார்கள். சறுக்கும் திறனுக்கும் தனி மதிப்பெண் உண்டு. மும்முறைச் சுற்று ஆக்ஸெலோ நான்கு சுற்றுத் தாவலோ ஆட்டத்தில் வைக்காத சகாமோட்டோ இந்த இரண்டு மதிப்பெண்களில்தான் ஜெயித்தார். குறை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். லட்ஸ் என்னும் வேறொரு வகைத் தாவலில் அவருடைய விளிம்பு சுத்தமாக இருப்பதில்லை. மான்ட்ரியலில் குறும் ஆட்டம் முடிந்தபோது நான்காமிடம்தான். முன்னிலையில் இருந்தவர் பெல்ஜியத்தின் லோவெனா ஹென்ட்ரிக்ஸ். ஃப்ரீ ஸ்கேட்டில் எல்லோரையும் தாண்டி சகாமோட்டோ தங்கம் வென்றார். அமெரிக்காவின் இசபோ லெவிட்டோவுக்கு வெள்ளி, தென் கொரியாவின் கிம் சே-யானுக்கு வெண்கலம்.

அதே அரங்கில் வேறு அதிசயங்களும் நடந்தன. குறும் ஆட்டத்தில் 19ஆம் இடத்துக்குச் சறுக்கிய பிரான்ஸின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா, ஃப்ரீ ஸ்கேட்டில் மேலேறி வெண்கலம் பறித்தார். போதாக்குறைக்கு, 2 புள்ளி போகும் என்று தெரிந்தே, அப்போது தடையில் இருந்த பின்பக்கக் குட்டிக்கரணத்தையும் அடித்தார். அடுத்த சீசனில் அந்தத் தடை நீங்கியது. இணையர் பிரிவில் மாக்சிம் டேஷானுடன் தங்கம் வென்ற டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக்குக்கு வயது 40. பதின்ம வயதில் காயத்தால் ஒதுங்கி, 16 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர். உலகப் பட்டம் வென்ற பெண்களில் அவரே மூத்தவர்.

சகாமோட்டோவுக்கு மான்ட்ரியல் தங்கம் தொடர்ச்சியாக மூன்றாவது உலகப் பட்டம். பெண்கள் பிரிவில் அதற்குமுன் கடைசியாக அப்படி வென்றவர் அமெரிக்காவின் பெக்கி ஃப்ளெமிங். 1966 முதல் 1968 வரை. சகாமோட்டோவின் காணொளி கிடைத்தால் சுற்றுகளை எண்ண வேண்டாம். இறங்கிய பிறகு அந்த வலது கால் எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.