வழிப்போக்கரும் ஊர் வினாவும்

வழியிற் கண்டாரோடு உரையாடுதல் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. பரிசில் பெற்று மீள்வோன் பெறச் செல்வோனை எதிர்ப்பட்டு, வள்ளலிருக்கும் திசையைக் காட்டும் ஆற்றுப்படை, அவ்வுரையாடலையே ஓர் இலக்கிய வகையாக்கிற்று. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் இது பின்னும் நுட்பமாக அமைந்துள்ளது. மதுரைக்குச் செல்லும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வழியிலே தங்கியிருக்க, மறையோன் ஒருவன் பாண்டியனை வாழ்த்திக்கொண்டு வருகின்றான். கோவலன் சோழநாட்டான், வந்தவன் குடமலை மாங்காட்டினன், வாழ்த்தப்பெற்றவனோ பாண்டியன். கோவலன் முதற்கண் வினாவுவது அவனது ஊரையும் வந்த காரணத்தையுமே. விடை பெற்றபின் வழி கேட்கின்றான். மறையோன் மூன்று வழிகளையும் அவற்றின் இடர்களையும் விரித்துரைக்கின்றான். திருமாலடியானாகிய அவன் இடப்பக்க வழியின் அற்புதங்களாகக் கூறியவற்றைச் சமணத் துறவியாகிய கவுந்தி ஏற்கவில்லை, மறுமொழி கூறுகின்றார். எனினும் பகை விளையவில்லை. அரசும் சமயமும் பேசப்பட்டன. ஊர் வினா வழிகாட்டலுக்கு வாயிலாயிற்று.

இவ்வினா எங்கும் எப்பொழுதும் இத்தகைய இனிமை உடையதுதானா? இதனை ஆராய்வார்க்கு ஊவா மாகாணம் தக்கதோர் உரைகல்லாகும்.

கொழும்பிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகையிரதம் பட்டிப்பொளையைக் கடந்து ஊவாவுள் இறங்குகின்றது. அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஆலி எல என்னும் நிலையங்களைத் தொட்டுச் செல்லும் இப்பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டியது. தேயிலையின் பொருட்டு நீண்ட பாதையாயினும், பல்வேறு இனத்தார் அருகருகே அமரும் இடத்தையும் அது தந்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியரும், முஸ்லிம் வணிகரும், சிங்களக் கிராமத்தவரும், தோட்டத் தொழிலாளியும் ஒரே பெட்டியில் அமர்ந்து செல்வர். பேச்சு மழையில் தொடங்கலாம்; விலைவாசியிலும் தொடங்கலாம். ஆயினும் விரைவில் ஊரிடத்தே வந்து நிற்கும். சிங்களத்தில் கிராமத்துக்குக் ‘கம’ என்றும் தோட்டத்துக்கு ‘வத்த’ என்றும் பெயர். ‘கம’ எதுவென்று வினாவியவர்க்கு ‘வத்த’ என்று விடையிறுப்பவன், ஓர் ஊரைச் சொல்லிவிட்டதாக எண்ணுகின்றான். கேட்டவரோ அச்சொல்லிலேயே அவன் இனத்தையும் தொழிலையும் தெரிந்துகொள்கின்றார்.

அக்கிராமத்தவர் உள்ளத்துக் கசப்புக்கும் வரலாறு உண்டு. 1818ஆம் ஆண்டின் ஊவா வெல்லச கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடுமையாக அடக்கினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத நிலங்களை அரசுக்கு உடைமையாக்கியது. அவை பின்னர்ப் பெருந்தோட்டங்களாயின. நிலத்தைக் கொண்டவன் துரை; இலாபம் கண்டது கம்பனி. கிராமத்தவர் கண்முன்னே நாளும் நின்றவனோ, கங்காணி அழைத்து வந்த கூலியாள். அருகில் நின்றவனையே காரணமென்று கொள்ளுதல் மனித இயல்பு. ஆயினும் இயல்பாயிருத்தலால் அது நீதியாகிவிடாது.

வழிப்போக்கரின் வினாவை அரசும் கேட்டது. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு வகுப்பாக எண்ணியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ ஒருவன் பிறந்த ஊரோடு அமையாது, அவன் தந்தை பிறந்த ஊரையும் வினாவியது. பிறப்புப் பத்திரம் அரிதாயிருந்த லயத்து வாழ்க்கையில் அதற்குச் சான்று காட்டியவர் மிகச் சிலரே. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிக்கையாகப் பகுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு நாள் முடிவுக்கு. அம்முடிவு 1974இல் வந்தபொழுது அவர்களும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். ஊர் யாதென்று கேட்கப்பட்டவர்க்கு, விடையைப் பிறரே கூறிவிட்டனர்.

தோட்டத்துள் அயலார் புகுந்து பேசுதற்குத் தடையிருந்த காலத்தில், அத்தடையைப் பேச்சினாலேயே கடந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த அவர், புடைவை வணிகர் வேடம் பூண்டு தோட்டங்களுட் சென்று தொழிலாளர் நிலையை அறிந்தார் என்பது வரலாறு. பின்னர் இதழும் நூலும் தொழிற்சங்கமும் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் அரசியலைப் பாட்டாக்கித் தொழிலாளரிடையே பாடினார். புடைவை விரித்து அமர்ந்த அந்த வணிகர் வினாவியது, ஊரை அறிந்து ஒதுக்குதற்கன்று. துயரை அறிந்து உதவுதற்கே. மாங்காட்டு மறையோன் மரபின் புதிய கிளையாக அவரைக் கொள்ளலாம்.

இலக்கியத்தில் இவ்வினாவுக்குக் கிடைத்த செம்மையான விடை பதுளையிலிருந்தே வந்தது. 1934ஆம் ஆண்டில் பதுளை மாவட்டத் தோட்டமொன்றிற் பிறந்த ஜோசப், தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயர்முன் சூடிக்கொண்டார். ஊர்ப்பெயரை முன்வைத்தல் தமிழ்ப் புலவர் மரபு. மாங்குடி மருதனாரும் கோவூர் கிழாரும் அவ்வாறே அறியப்பட்டனர். தோட்டத்தை ஊரென ஒப்பாத உலகின்முன் தெளிவத்தை ஜோசப் அம்மரபை எடுத்தாண்டமை வெறும் புனைபெயர்ச் செயலன்று. ‘வத்த’ என்பதும் ஊரே என்னும் வழக்காடலாகும். 1979இல் வெளிவந்த தம் சிறுகதைத் தொகுதிக்கு, பாரதியின் விடுதலைப் பாட்டை நினைவூட்டும் வகையில் ‘நாமிருக்கும் நாடே’ என்று பெயரிட்டார். பல்லாயிரவர் நாடற்றவராய் இருந்த காலத்தில் அத்தலைப்பு எத்துணைக் கூரியது! 2022இல் மறைந்த அவர் இலக்கிய உலகில் இன்றும் ‘தெளிவத்தை’ என்றே அழைக்கப்படுகின்றார்; ஆளைச் சுட்ட ஊரே போதியதாயிற்று.

குறை சிங்களவரிடத்து மட்டும் இருந்ததன்று. வடக்கிலிருந்து ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் மலைநாடு சென்றோருள், தம்மொழி பேசும் தொழிலாளியிடம் ஊர் கேட்டு, விடை கேட்டதும் குரலை மாற்றிக்கொண்டவர் பலர். ‘தோட்டக்காட்டான்’ என்பது சிங்களச் சொல்லன்று, தமிழ்ச் சொல்லே. கற்றோர் இதனை மறத்தலாகாது.

வழியிலே அரசியல் பேசாதே என்பது இந்நாட்டுப் பெற்றோர் மக்களுக்குக் கூறும் அறிவுரை. 1958ஐயும் 1977ஐயும் கண்டு, 1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரியுண்டதையும் கண்டவர் அவ்வாறு கூறுதல் பிழையன்று. அஞ்சுவோன் வாய்மூடியிருத்தலைப் பழித்தல் எளிது. அவனோடு ஒரு பெட்டியில் இரவுப் பயணம் செய்தல் அரிது. ஆதலின் பேச்சுக்கு வழிதிறக்கும் கடமை விடையிறுப்போனுடையதன்று, வினாவுவோனுடையதே. எண்ணிக்கையில் மிக்கவரும் கல்வியிலும் பதவியிலும் உயர்ந்தவரும் முதலில் தம் ஊரைத் தாமே சொல்லித் தொடங்குவாராயின், எதிரிருப்பவன் விடைக்கு அஞ்சான்.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய மக்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அரசின் வினா அத்தோடு முடிவுற்றது. வழிப்போக்கரின் வினாவோ ஒவ்வொரு பயணத்திலும் புதிதாக எழுகின்றது. அது கோவலன் வினாவாக அமைவதும், குடியுரிமை அலுவலரின் வினாவாக அமைவதும் கேட்பவர் குரலைப் பொறுத்தனவே.