ஒளித்தவரும் ஒளிந்தவரும்: மறைவிட நூல்களை நாம் வாசிக்கும் முறை

சென்ற ஐப்பசி மாதத்தில் புதூர் வட்டாரத்துக் கிராமச் சபையொன்றில் உபவாசக் கூடுகைக்கு அருளுரை ஆற்ற அழைக்கப்பட்டிருந்தேன். மழை பெய்து கரிசல் மண் காலைப் பிடித்து இழுக்கும் நாள். கோரி டென் பூம் அம்மையாரின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அவருடைய தந்தை காஸ்பர், சகோதரி பெட்ஸி ஆகியோரைப் பற்றிப் பேசினேன். ஹார்லெம் நகரத்துக் கடிகாரக் கடையையும், மாடி அறையின் பொய்ச் சுவரையும் வர்ணித்தேன். சபையார் கண்கலங்கினர். நானும் மனநிறைவுடன் இறங்கினேன்.

கூடுகை முடிந்தபின் அறுபதைக் கடந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். எட்டையபுரத்தை அடுத்த தாப்பாத்தியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்பவர். "ஐயா, ஒளிச்சு வச்சவங்க பேரெல்லாம் சொன்னீங்க. சுவருக்குப் பின்னால ஒளிஞ்சிருந்த ஆறு பேருல ஒருத்தர் பேரும் சொல்லல்லியே" என்றார். பிறகு, குற்றம் சாட்டும் குரலில் அன்று, ஒரு செய்தியைத் தெரிவிப்பவர்போல, 1983 ஆடியில் மலையகத்தில் ஒரு சிங்கள வீட்டின் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் தாம் நான்கு இரவுகள் இருந்ததாகச் சொன்னார்.

என்னிடம் விடையில்லை. இக்கட்டுரை அக்கேள்விக்கு நான் காலந்தாழ்த்தி எழுதும் விடை. திருப்பணியாளர்களாகிய நாம் இத்தகைய நூல்களை எவ்வாறு வாசிக்கிறோம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

1. காத்தவர் எழுதிய நூல்

'தி ஹைடிங் பிளேஸ்' என்னும் நூல் ஜான், எலிசபெத் ஷெரில் தம்பதியரின் துணையுடன் எழுதப்பெற்று 1971-இல் வெளிவந்தது. 1975-இல் திரைப்படமாயிற்று. நூலின் நிகழ்ச்சிகள் நாமறிந்தவை. 1944 பிப்ரவரி 28-ஆம் நாள் டென் பூம் குடும்பத்தார் கைதாயினர். 84 வயதுக் காஸ்பர் பத்தே நாட்களில் சிறைக்காவலில் மரித்தார். பெட்ஸி அவ்வாண்டு டிசம்பரில் ராவென்ஸ்புரூக் முகாமில் மரித்தார். பொய்ச் சுவருக்குப் பின்னால் நின்ற அறுவரோ கெஸ்டாப்போவின் கண்ணில் படவில்லை. அவர்களில் நால்வர் யூதர். இருவர் எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த டச்சுக்காரர்.

இந்நூலின் சிறப்பை மறுப்பார் இல்லை. ஒரு சாதாரணச் சீர்திருத்தசபைக் குடும்பம், அன்றாட வேதவாசிப்பிலிருந்தே துணிவைப் பெற்றது என்பதை அது மிகையின்றிக் காட்டுகிறது. தம் உள்ளத்தின் கசப்பையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

அந்தத் தாயின் கேள்விக்குப் பின் நூலை மீண்டும் திறந்தேன். அங்கே பெயர்கள் இருந்தன. ஆம்ஸ்டர்டாமின் யூத ஆலயத்தில் ஜெபப்பாடல் நடத்துபவராயிருந்த மெயர் மோசல் என்பவர் அவர்களில் ஒருவர். அவருடைய பெயர் யூதப் பெயர் என்று வெளிப்படையாகத் தெரிந்தமையால் வீட்டார் அவருக்கு யூசேபியு என்று மாற்றுப் பெயர் சூட்டி, 'யூசி' என்று சுருக்கி அழைத்தனர். யூசேபியு என்பது பண்டைத் திருச்சபை வரலாற்றாசிரியரின் பெயர் என்பதை நம் மாணவர் அறிவர். உயிர் பிழைக்கும்பொருட்டு ஒரு யூதர் திருச்சபைப் பிதா ஒருவரின் பெயரைத் தாங்க வேண்டியதாயிற்று. நகைச்சுவையோடு சொல்லப்பட்ட இச்செய்தியினுள் எவ்வளவு இழப்பு அடங்கியிருக்கிறது! நூலில் இருந்த பெயரைப் பிரசங்கத்தில் விட்டவன் நான். ஆகவே முதற்குறை நூலினுடையதன்று, வாசகனுடையது.

ஆயினும் நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. காத்தவரின் கண்கொண்டு எழுதப்பட்ட நூலில் காக்கப்பட்டவர் பெரும்பாலும் அன்பைப் பெறுகிறவராகவே நிற்பார். அவர் இரவில் என்ன எண்ணினார், பிறர் கையில் உண்ணும் உணவு அவருக்கு எப்படி இருந்தது என்பவற்றைக் காத்தவரால் முழுமையாகச் சொல்ல இயலாது.

2. ஒளிந்தவர் எழுதிய நூல்

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து பிறந்தது. 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை ஆம்ஸ்டர்டாமின் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் எண்மர் மறைந்திருந்தனர். மீப் கீஸ் உள்ளிட்ட ஊழியர் சிலர் அவர்களுக்கு உணவும் நூல்களும் கொண்டுவந்தனர். எண்மரில் உயிருடன் திரும்பியவர் தந்தை ஓட்டோ ஒருவரே. அவர் 1947-இல் நாட்குறிப்பை அச்சேற்றினார்.

இந்நூலில் வீரம் குறைவு, சச்சரவு மிகுதி. உருளைக்கிழங்கு அழுகுகிறது. பகலில் நீர்க்குழாயைத் திறக்க அஞ்சுகிறார்கள். மகள் தாயை வெறுக்கிறாள்; தான் வெறுப்பதை எண்ணி நாணுகிறாள். தாயைப்பற்றிய கடுமையான பகுதிகள் சிலவற்றை முதற்பதிப்பில் தந்தை நீக்கிவிட்டார். 1986-இல் வெளியான ஆய்வுப்பதிப்பே பல்வேறு பிரதிகளை ஒருங்கே வைத்துக் காட்டியது. துன்புறுகிறவர் தூயவராகவும் இருத்தல் வேண்டும் என்னும் நம் எதிர்பார்ப்பை இந்நூல் உடைக்கிறது. அச்சத்தில் அடைபட்டோர் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வர். அதனால் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி சிறிதும் குறையாது.

நம் பிரசங்கபீடங்கள் இந்நூலிலிருந்து எடுத்தாள்வது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தை. மனித இயல்பில் நம்பிக்கை தெரிவிக்கும் வாக்கியம் அது. 1955-இல் அரங்கேறிய நாடகமும் அதையே முடிவுரையாக்கிற்று. நாட்குறிப்பிலோ அப்பகுதி 1944 ஜூலை 15-ஆம் நாளுக்குரியது. நெருங்கிவரும் அழிவைப்பற்றிய சொற்களும் அங்கேயே உள்ளன. மூன்று வாரத்திற்குள் அவள் பிடிபட்டாள். அந்த வாக்கியத்தை மட்டும் பிரித்தெடுத்து ஆறுதல் பெறுவது, இறந்த பிள்ளையின் கையாலேயே நம் கண்ணீரைத் துடைத்துக்கொள்வதாகும்.

3. 1983-ஐப் பற்றிய எழுத்துகள்

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படைவீரர் கொல்லப்பட்டனர். மறுநாளிரவு கொழும்பில் தமிழருக்கெதிரான வன்செயல் தொடங்கிற்று. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடின. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அதே நாட்களில் பல சிங்களக் குடும்பங்கள் தங்கள் அயலாரை அறைகளில் பூட்டி வைத்துக் காத்தன.

ஐரோப்பிய யூதர் அறுபது இலட்சம் பேர் கொல்லப்பட்டதையும் இதனையும் ஒன்றெனக் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அளவும் வேறு, முறையும் வேறு, ஒளிந்திருந்த காலமும் வேறு. எனினும் கதவுக்கு வெளியே காலடியோசை கேட்கும்போது கதவுக்கு உள்ளே இருப்பவரின் மூச்சு எங்கும் ஒன்றே.

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) என்னும் ஆங்கில நாவலின் இறுதிப்பகுதி, 1983 கலவரத்தை நாட்குறிப்பு வடிவில் கூறுகிறது. கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்று அயலிலுள்ள சிங்களக் குடும்பத்தாரிடம் அடைக்கலம் புகுகிறது. அவர்களுடைய வீடு எரிக்கப்படுகிறது. பாட்டனும் பாட்டியும் காரோடு எரிக்கப்படுகின்றனர். நாவலின் மையப்பொருள் தன்பால் ஈர்ப்புடைய சிறுவன் ஒருவனின் வளர்ச்சி; அதைப்பற்றிய இறையியல் உரையாடல் தனியே வேண்டும். இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. குடும்பத்திற்குள்ளேயே தன்னை ஒளித்து வாழ்ந்தவன் இப்போது குடும்பத்தோடு ஒளிகிறான். ஆதலால் அடைக்கலத்தின் நன்மையோடு அதன் நெருக்கடியையும் அவன் நுட்பமாக உணர்கிறான். காத்த அயலார் நல்லவர். ஆயினும் அக்குடும்பம் தன் நாட்டில் இனி வாழ இயலாது என்னும் முடிவை அந்த நன்மை மாற்றவில்லை. இதனை இனிமை பூசாமல் சொல்வதே அப்பகுதியின் வலிமை.

தமிழில் அருளரின் 'லங்கா ராணி' (1978), 1977 வன்செயலுக்குப் பின் கொழும்பிலிருந்து வடக்கே கப்பலில் சென்ற அகதிகளைப் பற்றியது. 'மரணத்துள் வாழ்வோம்' (1985) என்னும் தொகுப்பு அக்காலக் கவிதைகளைத் திரட்டித் தந்தது. இவை அரிய நூல்கள். ஆயினும் தாப்பாத்தித் தாயைப் போன்றோரின் நான்கு இரவுகளுக்கு நம் திருச்சபை நூலகங்களில் ஓர் அலமாரி இல்லை. ஹார்லெமின் பொய்ச் சுவரை அறிந்த எனக்கு, சில கல் தொலைவிலிருந்த நெல்மூட்டைகளைப் பற்றித் தெரியவில்லை.

4. மன்னிப்பைப் பற்றி ஒரு கேள்வி

1947-இல் மியூனிக் நகரில் ராவென்ஸ்புரூக்கின் முன்னாள் காவலன் ஒருவன் கோரி அம்மையாரிடம் கை நீட்டிய நிகழ்ச்சியை நாம் அடிக்கடி எடுத்தாளுகிறோம். அவர் மன்னித்தது தமக்கும் தம் சகோதரிக்கும் இழைக்கப்பட்டதை. அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. மோசலின் உறவினருக்காக அவர் மன்னித்திருக்க இயலாது. நாமோ அந்நிகழ்ச்சியைச் சொல்லி, 'நீங்களும் மன்னியுங்கள்' என்று முடிக்கிறோம். எதிரே அமர்ந்திருப்பவர் எதை இழந்தார் என்று கேளாமலே முடிக்கிறோம். கேளாத செவியிலிருந்து வரும் மன்னிப்பின் உபதேசம் சுவிசேஷம் ஆகாது.

5. திருமறையின் இரு குரல்கள்

திருமறையில் ஒளித்தவர் பலர். சிப்பிராளும் பூவாளும், மோசேயின் தாயும், ராகாபும், நூறு தீர்க்கதரிசிகளைக் குகையில் வைத்த ஒபதியாவும், யோவாசை ஆறு ஆண்டுகள் ஆலயத்தில் காத்த யோசேபாளும் நம் பிரசங்கங்களில் இடம்பெறுகின்றனர். இக்கதைகள் காத்தவரின் பக்கமிருந்து சொல்லப்படுகின்றன. குழந்தை யோவாஸ் அந்த ஆறு ஆண்டுகளில் என்ன உணர்ந்தான் என்பது எழுதப்படவில்லை.

ஆனால் திருமறை அத்துடன் நிற்கவில்லை. 57, 142 ஆகிய சங்கீதங்களின் தலைப்புகள் அவற்றைக் குகையிலிருந்த தாவீதோடு இணைக்கின்றன. அங்கே ஒளிந்தவனே பேசுகிறான். தன்னை விசாரிப்பார் இல்லை என்று முறையிடுகிறான். வரலாற்று நூல்களின் அருகே சங்கீதங்களையும் வைத்த திருமறையின் ஒழுங்கை நம் வாசிப்பும் பின்பற்ற வேண்டும். கோரி டென் பூமைப் படிப்பவர் ஆன் ஃபிராங்கையும் படிக்கட்டும். காத்தவரைப் புகழும் பிரசங்கம் காக்கப்பட்டவரின் முறையீட்டையும் கேட்கட்டும்.

நாம் காத்தவரோடு மட்டும் நம்மை இணைத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. அது நமக்குப் புகழ் தருகிறது. நெதர்லாந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதரில் 1,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அது தேவாலயங்கள் நிறைந்த நாடு. திறந்த கதவுகளுக்கு மட்டும் நாம் வாரிசுகள் அல்லர். திறவாத கதவுகளுக்கும் வாரிசுகளே. மேலும், நம் திருநெல்வேலித் திருச்சபை தானும் அடைக்கலம் தேடியவர்களின் பிள்ளை. ஊரில் இருக்கவொட்டாமல் துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாகவே 1799-இல் முதலூர் தோன்றிற்று. அம்மரபை நினைவுகூர்ந்தால், முகாமிலிருந்து வரும் தாய் நமக்கு விருந்தாளி அல்லர். நம் முன்னோரின் சாயலுடையவர்.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2021 முதல் அம்முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்கள்' என்று அழைக்கப்படுகின்றன. அங்கே செல்லுங்கள், பிரசங்கக் குறிப்புடன் அல்ல. அவர்கள் பேச விரும்பினால் கேளுங்கள். எழுத இசைந்தால் எழுதுங்கள். மறைத்த சிங்களக் குடும்பத்தின் பெயரையும் மறைந்த தமிழ்க் குடும்பத்தின் பெயரையும், அவர்கள் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும், ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தை மாதத்தில் நான் அந்தத் தாயைக் காணச் சென்றேன். நெல்மூட்டைகளை நகர்த்தி இடம் செய்தவளின் பெயரை அவர் சொன்னார். தம்மோடு இருந்த இரு பிள்ளைகளின் பெயரையும் சொன்னார். அவற்றை இங்கு எழுத அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. மெயர் மோசலின் பெயரை நான் அவருக்குச் சொன்னேன். இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.