நிலாவுக்கு அரியணை, ஆட்சி யாருக்கு?

தொலைக்காட்சியில் வரும் அறிவியல் புனைகதைகளைச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும், ஒரு சமுதாயம் தன் நாளைய உலகை எவ்வாறு கற்பனை செய்கிறது என்பதை அறிய அவற்றினும் நேர்மையான சான்று கிடைப்பது அரிது. நேற்றைய கதையை எழுதுபவருக்கு, ‘அன்றைய வழக்கம் அது’ என்று சொல்லித் தப்ப இடமுண்டு. நாளைய கதையை எழுதுபவருக்கு அந்த இடம் இல்லை. இன்னும் பிறவாத நூற்றாண்டின் விண்கலத்தில் தலைமை இருக்கை யாருக்கு என்பதை அவரே தீர்மானிக்கிறார். அங்கே பெண் அமரவில்லையெனில் குறை வரலாற்றினுடையதன்று, கற்பனையினுடையது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1963-இல் வாலன்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குச் சென்று திரும்பிவிட்டார். அதன்பின் உருவான அமெரிக்கத் தொடரான ‘ஸ்டார் டிரெக்’கின் முதல் மாதிரிப் படத்தில், கலத்தின் இரண்டாம் நிலைத் தலைவர் ஒரு பெண். அப்படத்தைத் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்கவில்லை. 1966-இல் தொடர் ஒளிபரப்பானபோது அந்தப் பெண் அதிகாரி அதில் இல்லை. அத்தொடரின் வழிவந்த ‘வாயேஜர்’ என்னும் தொடரில் பெண்ணொருத்தி தலைமை ஏற்றதோ 1995-இல்தான். மெய்யான பெண் விண்ணுக்குச் சென்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தே கற்பனைப் பெண்ணுக்கு அத்தொடரில் தலைமை இருக்கை கிடைத்தது. கற்பனை உண்மைக்குப் பின்னால் நடந்த விந்தை இது.

நம் நாட்டுத் தூர்தர்ஷனிலும் நிலைமை வேறன்று. 1997-இல் ‘சக்திமான்’, 1998-இல் ‘கேப்டன் வியோம்’. தலைப்புகளே நாயகன் யார் என்று சொல்லிவிடுகின்றன. ‘சக்திமா’னில் வரும் கீதா ஒரு செய்தியாளர், துணிவும் உண்டு. எனினும் அவர் செய்தி திரட்டுவது நாயகனைப் பற்றியே.

இந்தப் பின்னணியில்தான் தமிழ்க் கதையொன்றை நாம் மதித்துப் பார்க்க வேண்டும். சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’, பின்னர் ஆனந்த், சிவரஞ்சனி ஆகியோர் நடிக்கத் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அதன் மையம் ஒரு பெண்: நிலா. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில், மக்களின் பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேற்படாத நாட்டில், குழந்தை பெறவும் அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். பெண்ணின் தாய்மையையே அலுவலகக் கோப்பாக்கும் அந்தக் காட்சி நம் வாசகரை நடுங்கவைக்கும்; நடுங்கவைக்கவும் வேண்டும். அனுமதி கிடைத்த மகிழ்ச்சி அடங்குமுன் கணவன் சிபி காணாமற்போகிறான். அவனைத் தேடி நிலா எடுத்துவைக்கும் அடிகளே கதையை நகர்த்துகின்றன. வீராங்கனையாகவோ அழகுப்பொருளாகவோ அல்லாமல், அச்சமும் அன்பும் உடைய எளிய குடும்பப் பெண்ணை எதிர்கால உலகின் நடுவே நிறுத்தியது அன்று பெரிய செயலே.

ஆயினும், நாயகி இருக்கிறாள் என்பதோடு திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. கதையில் அறிபவர் யார்? முடிவெடுத்து, அம்முடிவின் சுமையைத் தாங்குபவர் யார்?

முதற் கேள்விக்கு விடை ஜீனோ. நூல்களைப் படிப்பதும், வாதிடுவதும், வழி கண்டுபிடிப்பதும் அந்த இயந்திர நாய்தான். படித்தவர் நெஞ்சில் நிலாவைவிட ஜீனோ ஆழமாகப் பதிந்திருப்பதற்குக் காரணம் இதுவே. இரண்டாம் கேள்விக்கு விடை ரவியும் மனோவும். ஜீவா என்பதே வெறும் ஒளியுருவம் என்று வெளிப்பட்டபின், நாட்டின் அரியணையில் நிலா அமர்த்தப்படுகிறாள். ஆனால் ஆட்சி அவ்விரு ஆண்களுடையது. அவள் பேச வேண்டியதை அவர்களே வகுக்கிறார்கள். பொய்யான தலைவனின் இடத்தில் மெய்யான பெண் அமர்ந்தாள். அதிகாரமோ திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

‘வாயேஜ’ரின் தலைவி ஜேன்வேயை இங்கே ஒப்பிடலாம். தொலைவான விண்பகுதிக்குத் தூக்கி எறியப்பட்ட அவருடைய கலம் விரைந்து வீடு திரும்ப ஒரே வழிதான் உண்டு. அவ்வழி பகைவர் கையிற் சிக்கினால் எளிய மக்களினம் ஒன்று அழியும் என்பதால், அதைத் தம் ஆணையாலேயே தகர்த்துவிடுகிறார். அதன் விலை எழுபத்தைந்து ஆண்டுப் பயணம். அவர் முடிவு சரியா தவறா என்று தொடர் முழுவதும் வாதிடலாம். அது அவருடைய முடிவு என்பதில் வாதமில்லை. நிலாவுக்கு இந்தச் சுமை தரப்படவில்லை. தவறக்கூடிய ஒரு முடிவைத் தன் பெயரில் எடுக்கும் வாய்ப்பு இல்லாதவர், திரையில் எத்தனை மணி நேரம் தோன்றினாலும் தலைமைப் பாத்திரம் ஆவதில்லை.

இதனைச் சுஜாதாவின் குறையென்று தள்ளிவிடலாகாது. அறிந்தே எழுதினார் என்பதே நம் கருத்து. அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ அந்தப் பொம்மை அரசியின் அவல நிலையிலிருந்தே தொடங்குகிறது. 1992-இன் 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது; தமிழகம் 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தியது. எண்ணிக்கையில் சமநிலை வந்தது. ஆயினும் தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் ஊர்களை நாம் அறிவோம். அந்த ஊர்கள் தோன்றுமுன்னரே நிலாவின் அரியணையை எழுதிவிட்டார் சுஜாதா.

அக்கதை காட்டிய வழியில் தமிழ்த் தொலைக்காட்சி பின்னர் நெடுந்தூரம் செல்லவில்லை என்பதே வருத்தம். 1999-இல் வந்த ‘சித்தி’, 2003-இல் தொடங்கிய ‘கோலங்கள்’ என நெடுந்தொடர்களில் நாயகியருக்குப் பஞ்சமில்லை. ‘கோலங்கள்’ அபி கட்டுமானத் தொழிலே நடத்தினாள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நின்று ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கும் நாயகியைக் காண்பதோ அரிது. குடும்பத்தின் கண்ணீர் அவளுக்கு. அண்டத்தின் வியப்பு அவளுக்கில்லை.

மெய்யுலகைப் பாருங்கள். அரியலூரில் பிறந்த வளர்மதி 2012-இல் விண்ணேறிய ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர். 2019-இன் சந்திரயான்-2 திட்டத்தை வனிதாவும், 2023-இன் ஆதித்யா-எல்1 திட்டத்தைச் செங்கோட்டை நிகார் ஷாஜியும் நடத்தினர். நம் பெருங்குடியிலும், பழைய மாமல்லபுரம் சாலையோரக் கணினி நிறுவனங்களிலிருந்து இரவுப் பணி முடித்து வேன்களில் வந்திறங்கும் பெண்களைக் காண்கிறோம். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அவர்களைப் போன்ற ஒருத்தி எப்போது வருவாள்?

இந்திய விண்கலத்தில் மனிதரை அனுப்பும் ‘ககன்யான்’ திட்டத்துக்காகத் தேர்ந்த நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. நால்வரும் ஆண்கள். விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்து தேர்வு நடந்தது. போர் விமானங்களை ஓட்டப் பெண்கள் சேர்க்கப்பட்டதோ 2016-இல்தான். ஆகவே காரணம் புரிகிறது. ஆனால் அதே திட்டத்தின் ஆளில்லாப் பயணத்துக்கென 2020-இல் காட்டப்பட்ட இயந்திர உருவத்துக்கு ‘வியோமித்ரா’ என்று பெண் பெயர், பெண் வடிவம், பெண் குரல். மனிதர் ஆண்கள், இயந்திரம் பெண். புனைகதை ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறார் என்றே சொல்லியிருப்போம்.

தொடர்களில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக வரவேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது தொடக்கம்தான். பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கும் பெற்றோர் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ‘இந்தக் கதையில் அந்தப் பெண் என்ன முடிவெடுத்தாள்?’ என்று தொடர் முடிந்ததும் கேளுங்கள். மகளிடம் மட்டுமன்று, மகனிடமும்.