உலோகக் குழாய்க்குள் ஒரு மருத்துவர்

மாக்ஸீன் ஹாங் கிங்ஸ்டனின் ‘தி வுமன் வாரியர்’ (1976) நூலை முதன்முறை படித்தபோது நான் கல்லூரி மாணவி. முழுக்க மகளின் பக்கமே நின்றேன். கலிபோர்னியாவில் பிறந்த மகள் வாய் திறந்து பேசத் திணறுகிறாள். சீனாவிலிருந்து வந்த அம்மா பேய்க்கதைகளாலும் எச்சரிக்கைகளாலும் அவளை மிரட்டுகிறாள். அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. பல ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோது கோபம் பரிவாக மாறியிருந்தது. ‘எவ்வளவு பெரிய தியாகம்!’ என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். மூன்றாம் முறை படித்தபோது அந்தக் குறிப்பை அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நினைவும் கற்பனையும் கலந்த இந்த நூலில் அம்மாவின் பெயர் பிரேவ் ஆர்க்கிட். எப்போதோ ஒருமுறை அவள் ஓர் உலோகக் குழாயை வெளியே எடுப்பாள். உள்ளே இருப்பது அவளுடைய மருத்துவப் பட்டம். கணவன் பிழைப்புக்காக அமெரிக்கா போய்விட்டான். சீனாவில் பிறந்த இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டன. கணவன் அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டு அவள் நகரத்துக்குப் போய், மகப்பேறு மருத்துவம் படித்து, மருத்துவராக ஊர் திரும்புகிறாள். ஊரே அவளை மதிக்கிறது. பிறகு கடல் கடந்து கணவனிடம் வருகிறாள். ஸ்டாக்டன் நகரச் சலவைக்கடையில் அடுத்தவர் அழுக்குத்துணியைப் பிரிக்கிறாள். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிறாள். தள்ளாத வயதிலும் தக்காளி பறிக்கும் கூலிவேலைக்குப் போகிறாள். நரைத்த தலையைக் கண்டால் வேலை தரமாட்டார்கள் என்று முடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறாள்.

இதைத் தியாகம் என்று சொல்வதில் என்ன தவறு? அந்தச் சொல், எல்லாவற்றையும் அவளே விரும்பிக் கொடுத்ததாக ஆக்கிவிடுகிறது. கொடுக்க வைத்தவர்கள் சத்தமில்லாமல் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். 1875இல் வந்த பேஜ் சட்டம், பாலியல் தொழிலைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு சீனப் பெண்கள் அமெரிக்காவுக்குள் வருவதையே பெருமளவு முடக்கியது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை மூடியது. அது நீக்கப்பட்டது 1943இல்தான். கணவன் அங்கே, மனைவி இங்கே என்று குடும்பங்கள் பிளந்து கிடந்ததற்கு இந்தச் சட்டங்கள் பெரிய காரணம். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தாய்ப்பாசத்தை மட்டும் பாராட்டினால், அந்தப் பாராட்டு யாருக்கு உதவுகிறது?

பிரேவ் ஆர்க்கிட் தன்னைத் தியாகி என்று சொல்லிக்கொள்வதில்லை. அவள் கணக்குச் சொல்கிறாள். கப்பலைவிட்டு இறங்கிய நாள்முதல் ஓய்ந்ததில்லை என்கிறாள். பிள்ளை பெற்ற கையோடு எழுந்து வேலை பார்த்ததையும், சீனாவிலேயே இருந்திருந்தால் இன்னும் இளமையாக இருந்திருப்பேன் என்பதையும் மகளிடம் சொல்கிறாள். இதைப் புலம்பல் என்று நான் கடந்து போயிருக்கிறேன். இப்போது படித்தால், தனக்குச் சேரவேண்டிய கூலியைக் கேட்கும் தொழிலாளியின் குரலாகக் கேட்கிறது.

அந்தக் குரல் நூலுக்கு வெளியேயும் ஒலித்தது. 1982 ஜூனில் நியூயார்க்கின் சைனாடவுனில் ஏறத்தாழ 20,000 ஆடைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் புலம்பெயர்ந்த சீனப் பெண்கள், பலர் தாய்மார்கள். சாதுவானவர்கள், குடும்பமே கதி என்று கிடப்பவர்கள், போராட வரமாட்டார்கள் என்றுதான் அவர்களைப் பற்றிய நினைப்பு இருந்தது. முதலாளிகள் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சங்கத்திடம் மல்லுக்கு நின்றதும் இந்தத் தையல்காரப் பெண்கள்தான். பிள்ளைமேல் உள்ள பாசமும் உரிமைக் குரலும் அவர்களிடம் ஒன்றாகவே இருந்தன.

நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2022இல் வந்த ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ படத்திலும் சீன அம்மா சலவைக்கடைதான் நடத்துகிறாள். அவள் நடிகையாக, சமையல் கலைஞராக ஆகியிருக்கக்கூடிய வாழ்க்கைகளை வேறு பிரபஞ்சங்களில் காட்டுகிறது படம். மிஷெல் யோவின் நடிப்பில் நான் கரைந்துதான் போனேன். ஆனாலும் ஒரு நெருடல். அத்தனை வாழ்க்கைகளையும் பார்த்த பிறகு, மகளோடு இங்கே இருப்பதே போதும் என்று அவளைச் சொல்லவைத்துத்தான் படம் அமைதியடைகிறது. பிரேவ் ஆர்க்கிடின் இன்னொரு வாழ்க்கைக்கு வேறு பிரபஞ்சம் தேவையில்லை. அவள் அதை வாழ்ந்திருக்கிறாள். சான்று குழாய்க்குள் இருக்கிறது.

இதற்காக அவளைப் புனிதையாக்கவும் வேண்டாம். மருத்துவராக இருந்தபோது சந்தையில் ஓர் அடிமைச் சிறுமியை விலைக்கு வாங்கியவள் அவள். குடும்ப மானத்தின் பேரில் பெயரே இல்லாமல் அழிக்கப்பட்ட நாத்தனாரின் கதையைச் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று மகளின் வாயை அடைப்பவளும் அவளே. கிங்ஸ்டன் இவற்றை மறைக்கவில்லை. அம்மாவைக் குறையுள்ள முழு மனுஷியாகப் பார்க்க முடிந்ததுதான் இந்த நூலின் பலம்.

நூலின் கடைசியில் ஒரு பாட்டி வருகிறாள். சீனாவில் வாழ்ந்த அந்தப் பாட்டிக்கு நாடகம் என்றால் உயிர். கொள்ளையர் பயம் இருக்கும் ஊரில், வீட்டைத் திறந்து போட்டுவிட்டு எல்லாரும் நாடகம் பார்க்க வரவேண்டும் என்று உத்தரவு போடுகிறாள். கொள்ளையர்கள் அன்று நாடகக் கொட்டகைக்கே வந்துவிடுகிறார்கள். ஆனாலும் குடும்பம் பத்திரமாக வீடு திரும்புகிறது. கதையின் முன்பாதி அம்மா சொன்னது, பின்பாதி மகள் சொல்வது. அவர்கள் இருவரும் சேர்ந்து சொல்லும் இந்தக் கதையில் பாட்டி யாருக்காகவும் தேய்ந்துபோகவில்லை. தனக்குப் பிடித்ததைச் செய்கிறாள், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகிறாள்.

தியாகம் என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். என்ன வேலை செய்தாள்? என்ன கூலி கிடைத்தது? அவளுக்கு என்ன பிடிக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத எந்த அம்மாவைப் பற்றியும் இனி நான் பாராட்டி எழுதப்போவதில்லை.