குறிப்பறிதலும் அறத்தொடு நிற்றலும்: ஆட்டிசம் உடையோர் காதல் குறித்த ஓர் அகமரபு நோக்கு

தமிழ் அகமரபில் காதல் கண்ணில் தொடங்குகிறது. தொல்காப்பியக் களவியல், காட்சியை அடுத்துக் கண்ணின் குறிப்பையே உள்ளத்து உடன்பாட்டின் வாயிலாகக் கொள்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பு பொருட்பாலிலும் (71) காமத்துப்பாலிலும் (110) இடம்பெறுகிறது. கண்ணோடு கண் நோக்குவதும் சொல்லாததை உணர்வதும் ஆட்டிசம் உடையோர் பலருக்கு எளிதல்ல. ஆகவே காதல் அவர்களுக்கு உரியதன்று என்னும் பொதுக்கருத்துக்கு மரபும் துணைநிற்பதாகத் தோன்றலாம். அத்தோற்றம் ஆய்வுக்குரியது.

திருவண்ணாமலைத் தலத்தொன்மம் வேறொன்றைக் காட்டுகிறது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் உமை விளையாட்டாகச் சிவனின் கண்களைப் புதைக்கிறாள், உலகம் இருள்கிறது. அன்பின் செயலே பிழையாகிறது. பிரிந்து தவமிருந்த பின்னரே அவள் அருணையில் இடப்பாகம் பெறுகிறாள். கார்த்திகைத் தீபநாளில் சிறுபொழுதே வெளிவரும் அர்த்தநாரீசுவரர் திருவுருவில் இரு பாகங்களும் தத்தம் அடையாளத்தை இழப்பதில்லை. வேறுபாட்டை அழிக்காத இணைவு என இதனை வாசிக்க இடமுண்டு.

குறிப்பை உணராமை ஒருவரின் குறை மட்டுமன்று. ஆட்டிசம் உடைய பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012இல் இதனை இருதரப்புப் புரிதல் சிக்கலாக விளக்கினார். ஆட்டிசம் உடையோரின் குறிப்புகளைப் பிறரும் தவறவிடுகின்றனர் என்பது அவர் வாதம்.

குறிப்பு தவறும் இடத்துக்கு அகமரபு தோழியைப் படைத்துள்ளது. வரைவு கடாதலில் தலைவனிடம் திருமணத்தை வற்புறுத்துபவள் அவளே. அறத்தொடு நிற்றலில் தலைவியின் காதல் அவள் வாயிலாகச் செவிலிக்கு வெளிப்படையான சொல்லாகிறது. ஆகவே வெளிப்படக் கூறுவது அகத்துக்குப் புறம்பானதன்று.

எனினும் தோழி தலைவியின் விருப்பத்தைச் சொல்கிறாள், அவளுக்காக விரும்புவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகள் உடையோருக்குக் காப்பாளரை நியமிக்க வழிசெய்கிறது. இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவோ, திருமணத்தையும் குடும்பத்தையும் அவர்தம் உரிமையாக்குகிறது. காப்பாளர் ஒருவரின் இடத்தில் நிற்பவர். தோழி அருகில் நிற்பவள். ஆட்டிசம் உடையோரின் காதலைப் பேசும் எழுத்தும் குடும்பமும் இவ்விரு நிலைகளுள் எதனை ஏற்கின்றன என்பதே திறனாய்வு கேட்கவேண்டிய வினா.