வியூ பாயின்ட்டும் சுமைப்பாதையும்

நம் சினிமாவில் மலைக்கு வேலையே கிடையாது. காதலர்களுக்குப் பின்னால் நிற்கும், பனி விடும், பாட்டு முடிந்ததும் நாம் கீழே இறங்கிவிடுவோம். ஆனால் அந்தச் சும்மா நிற்கிற மலைதான் நிஜ மலைக்கு என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்று ஒரு குகை இருந்தது. 1991-ல் 'குணா' வந்தது. அதற்குப் பிறகு அது குணா குகை. இன்றைக்குக் கொடைக்கானலில் போய் டெவில்ஸ் கிச்சன் எங்கே என்று கேட்டால், "குணா குகையா கேக்குறீங்க?" என்று நம்மைத் திருத்துவார்கள். ஒரு படம் ஒரு இடத்தின் பெயரையே மாற்றிவிட முடியும் என்றால், அந்த இடத்தைப் பார்க்கும் பார்வையையும் மாற்றியிருக்கும்தானே?

அதனால்தான் மலைநகரங்களைப் பாதுகாப்பது பற்றிய பேச்சை பிளாஸ்டிக் தடையிலிருந்து தொடங்காமல் படங்களிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். என்னிடம் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று எல்லோரும் பார்த்தது: சிதம்பரம் இயக்கிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024). இன்னொன்று கொஞ்சப் பேர் பார்த்து, பார்த்தவர்கள் மறக்காதது: லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). இரண்டும் ஒரே மலைத்தொடரில் நடக்கின்றன. ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே மலை இல்லை.

முதல் படம் வந்தபோது நடந்த சண்டை நினைவிருக்கும். மலைக்கு வந்து குடித்துக் கும்மாளமிடுகிறவர்களைப் படம் கொண்டாடுகிறது என்று ஜெயமோகன் எழுதினார். அதில் ஒரு மொழிக்காரர்கள் மொத்தத்தின் மீதும் ஒரு தீர்ப்பு இருந்ததால், பேச்சு உடனே மலையாளி, தமிழன் என்று திரும்பிவிட்டது. காடு மறந்துபோனது. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அவருடைய 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர்களுக்கு அது தெரியும். சுற்றுலா வந்தவன் குடித்துவிட்டு உடைத்துப்போட்ட பீர் பாட்டில் யானையின் காலில் ஏறுகிறது. நமக்கு அது ஒரு நொடி விளையாட்டு. யானைக்கு அது மாதக்கணக்கில் சீழ் பிடித்து நடக்க முடியாமல் சாவது. அந்தக் கதையைப் படித்த பிறகு காட்டுக்குள் பாட்டில் கொண்டுபோகக் கை கூசும். அதைவிடப் பெரிய சூழலியல் பிரச்சாரம் தமிழில் நடந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மீதான என் குறை வேறு. அந்தப் பையன்கள் நல்லவர்களா பொறுக்கிகளா என்பது எனக்கு முக்கியமில்லை. அவர்கள் வேலியைத் தாண்டுகிறார்கள், பாறையில் பெயர் எழுதுகிறார்கள். நம்ம பசங்களும் அதைத்தான் செய்கிறார்கள். படம் அதை மறைக்கவில்லை, அதற்கான விலையையும் காட்டுகிறது. நண்பன் குழிக்குள் விழுந்த பிறகு மழை கொட்டுகிறது. தண்ணீர் உள்ளே பாயாமல் தடுக்கத் தங்கள் உடம்பையே குறுக்கே போட்டுப் படுக்கிறார்கள். ஆரம்பத்தில் விளையாட்டாக வந்த வடம் இழுக்கும் போட்டி, கடைசியில் உயிரை இழுக்கும் கயிறாகத் திரும்பி வருகிறது. சினிமாவாக அது அசல் வேலை. எனக்கும் கண் கலங்கியது.

என் கேள்வி கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பது. அந்தப் படத்தில் மலைக்காரர்கள் யார் யார்? வழிகாட்டி, கடைக்காரர், அடிக்கிற போலீஸ், தயங்கி நிற்கிற தீயணைப்பு வீரர்கள். அந்தக் குழியில் விழுந்தவர் யாரும் திரும்பியதில்லை என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் கண்ணில் இருக்கிற பயம் பல வருட அறிவு. படம் அந்த அறிவைக் கோழைத்தனத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவனின் துணிச்சல்தான் மலையை வெல்கிறது. குகைக்குச் சொந்தமான அறிவு ஓரமாக நின்று கைதட்டுகிறது. படம் ஓடிய நாட்களில் குணா குகைக்குக் கூட்டம் அலைமோதியதில் ஆச்சரியமே இல்லை. எச்சரிக்கையாக எடுத்த கதை விளம்பரமாக வேலை செய்தது. ஏனென்றால் பார்வையாளனுக்கு அந்தப் படம் கொடுத்த இடம் வியூ பாயின்ட்தான். கொஞ்சம் ஆழமான வியூ பாயின்ட், அவ்வளவுதான்.

'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் வியூ பாயின்ட்டே கிடையாது. விடியும் முன் எழுந்து ரங்கசாமி மலையேறுகிறான். மேலே ஏலத்தோட்டம், கீழே தேனிப் பக்கத்துக் கிராமம். இரண்டுக்கும் நடுவில் மூட்டையோடு நடக்கிற பாதை. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகைப் படத்துக்குள் இருக்கிற யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்க நேரம் கிடையாது, முதுகில் பாரம். பாதை என்றால் என்ன என்பதை அந்தப் படம்தான் எனக்குப் புரியவைத்தது. எங்கே மூச்சு வாங்க நிற்கலாம், எந்தக் கல்லை நம்பலாம், எங்கே டீக்கடை, யார் வீட்டில் தண்ணி கேட்கலாம், இதெல்லாம் சேர்ந்ததுதான் பாதை. கால்கள் போட்டது.

ரங்கசாமிக்கு ஒரே ஆசை, ஒரு துண்டு நிலம். அதை வாங்க நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு போகிறது. பின்னணியில் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் ஒரு வாழ்க்கையின் சேமிப்பு பள்ளத்தில் விழுவதைப் பார்க்கிறோம். எனக்கு அது குணா குகையில் விழுகிற உடம்பைவிடப் பெரிய வீழ்ச்சி. பிறகு எப்படியோ நிலம் வாங்குகிறான், அதுவும் கை நழுவுகிறது. கடைசியில் தன் நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே மேலே போகிறது, மனிதன் புள்ளியாகிறான், எங்கு பார்த்தாலும் காற்றாலை. பசுமை மின்சாரம் என்று நாம் கொண்டாடுவதைத் தரையிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தமிழில் இவ்வளவு அமைதியாக வேறு யாரும் காட்டவில்லை.

அந்தப் படம் வெளியானது 2018 ஆகஸ்ட். அதற்கு ஐந்து மாதம் முன்னால், மார்ச் 11 அன்று, அதே தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் தீ. மலையேற்றத்துக்கு வந்தவர்கள் காய்ந்த புல் சரிவில் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், நிறையப் பெண்கள். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு நல்ல காற்று வாங்க வந்தவர்கள். அவர்கள் செய்தது எந்தக் குற்றமும் இல்லை. மலையை நேசித்தார்கள். தீ பிடித்ததும் முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்களும் மலையில் குடியிருப்பவர்களும்தான்.

குரங்கணிப் பக்கத்துப் பாதைகளே சுமைக்காக உருவானவை என்பது இங்கே நினைக்க வேண்டியது. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிச்சம். இன்றைக்கு அது ஒரு வியூ பாயின்ட். சுமை போன இடத்தில் செல்ஃபி வந்து நிற்கிறது. சுமைகாரனுக்கு எந்த மாதம் புல் காயும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும், தெரியாவிட்டால் அவன் பிழைத்திருக்க மாட்டான். அந்த அறிவு பாதையில் ஒட்டிக்கொண்டிருக்காது. ஆளோடுதான் இருக்கும். ஆளை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் குரங்கணி காட்டியது.

சரி, அப்ப மலையை எப்படித்தான் காப்பாத்துறது? அரசும் நீதிமன்றமும் எண்களால் பதில் சொல்கின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த வரம்பு தேவை என்றே நினைக்கிறேன். மலையில் ரோடும் தண்ணீரும் அளவோடுதான் உண்டு. வியாபாரிகள் எதிர்த்ததிலும் நியாயம் இருக்கிறது, கோடை இரண்டு மாத வருமானத்தில் ஆண்டு முழுக்க ஓட்டுகிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் இ-பாஸ் எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும்தான் எண்ணும். வருகிறவன் கண்ணில் மலை என்னவாக இருக்கிறது என்பதை அது தொட முடியாது. 6,000 வண்டியும் ஒரே குகை வாசலில் போய் நின்றால்?

2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. பழங்குடி இளைஞர்களும் உள்ளூர்க்காரர்களும் வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். கட்டணம் அதிகம் என்று புலம்புகிறோம். எனக்கு அதில் ஒரு சின்ன நம்பிக்கை இருக்கிறது. நீண்ட நாளைக்குப் பிறகு பாதையில் ஒரு ஆள் திரும்பி வந்திருக்கிறார், வேலையாக, சம்பளத்தோடு. அவரை வாட்டர் பாட்டில் தூக்குகிறவராக நடத்துகிறோமா, ஆசிரியராக நடத்துகிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுமைப்பாதையை ரொமான்டிக் ஆக்க எனக்கு ஆசையில்லை. ரங்கசாமியின் பிள்ளை மூட்டை தூக்க வேண்டாம். 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கும் ஒரு எல்லை இருக்கிறது: அதில் மனிதர்கள் நிறைந்திருக்கிறார்கள், மிருகங்கள் அநேகமாக இல்லை. அந்தக் குறையை 'யானை டாக்டர்' நிரப்புகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் மலை முழுசாகத் தெரியும், ஒரு பக்கம் முதுகில் பாரத்தோடு ஒருவன், இன்னொரு பக்கம் காலில் கண்ணாடியோடு ஒரு யானை. நடுவில் கேமராவோடு நாம்.

அடுத்த முறை ட்ரெக் போகும்போது வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, இந்தப் பாதையில முன்ன என்ன தூக்கிட்டுப் போவாங்க?" சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் நின்று, ஒரு பாறையைக் காட்டி, அவர் தாத்தா அங்கே மூட்டையை இறக்கிவைத்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். அந்தப் பாறையில் பெயர் எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.