மூடி சேரும் கோடு

லேத்தில் கடைந்த அக்ரிலிக் மைப்பேனாவைக் கையில் கொடுத்தால் பலரும் முதலில் நிறத்தில் சொக்கிப்போவார்கள். நான் மூடியும் உடலும் சேரும் கோட்டைத்தான் பார்ப்பேன். செய்தவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

நிறங்கள் சுழன்றோடும் ஒரே ராடிலிருந்துதான் மூடியையும் உடலையும் வெட்டுகிறார்கள். இருந்தும், மூடியபின் அந்தச் சுழல் அறுபடாமல் ஓடுவது அரிது. ரம்பம் தின்ற அகலம் முதலில் போகிறது. மரை வெட்டுவதற்காக உடலின் மேல்முனையை இளைக்க வேண்டும். அந்தப் பகுதி முழுக்க மூடிக்குள் மறைந்துபோகும். அவ்வளவு நீளத்துக்கான கோலம் தொலைந்தது தொலைந்ததுதான். மிச்சமிருப்பதைச் சேர்த்துக்காட்ட, மூடியின் விளிம்பை இம்மி இம்மியாகச் சீவி, அது திருகி நிற்கும் இடத்தைச் சரிசெய்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த வேலை அதுதான்.

ஒற்றைப் புரி மரை என்றால் மூடி எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும், கோலம் பிசகாது. ஆனால் திறக்கப் பல சுற்று திருக வேண்டும், அவசரமாகக் குறிப்பெடுப்பவருக்கு அது பெரிய தொல்லை. 0.8 மி.மீ. இடைவெளியில் மூன்று புரி ஓடவிட்டால் ஒரு சுற்றுக்கு 2.4 மி.மீ. நகரும், மூடி சட்டென்று கழன்றுவிடும். அதற்கு ஈடாக, மூடியை மூன்று இடங்களில் மாட்டலாம், ஒன்றில்தான் சுழல் சேரும். நான் மூன்று புரியின் பக்கம். சேரும் இடத்தை விரல் சீக்கிரமே பழகிக்கொள்ளும்.

1941இல் வந்த பார்க்கர் 51 பேனாவுக்கு லூசைட் என்னும் அக்ரிலிக்கைத் தேர்ந்ததற்கு மை ஒரு முக்கியக் காரணம். அந்தப் பேனாவுக்கென்று உருவான, சீக்கிரம் உலரும் காரமான மை செல்லுலாய்டைக் கெடுத்துவிடும். இன்று அக்ரிலிக்கைத் தேடி வருபவர்கள் நிறத்துக்காகவே வருகிறார்கள். எபோனைட் என்னும் கெட்டி ரப்பர் வெயிலிலும் தண்ணீரிலும் வெளுக்கும். அக்ரிலிக்குக்கு அந்தக் கவலை இல்லை.

நிறம் இவ்வளவு பேசும்போது வடிவம் அடக்கமாக இருக்க வேண்டும். திருவள்ளூர் ரங்கா பேனாக்களில் மூங்கில் கணு வைத்த வடிவம் ஒன்று உண்டு. எபோனைட்டில் அந்தக் கணுக்கள் அவ்வளவு அழகு. அதே வடிவத்தைச் சுழல் அக்ரிலிக்கில் கடைந்தால் கணுவும் சுழலும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். அந்த மாதிரி ராடுக்கு, இரு முனையும் லேசாகக் குறுகும் நேரான உடலே போதும்.

நிறமில்லாத தெளிந்த அக்ரிலிக்கில் எதையும் ஒளிக்க முடியாது. துளையின் உட்சுவரில் துளைப்பான் விட்ட வளையங்கள்கூட வெளியே தெரியும். உள்ளேயும் மெருகேற்றியிருக்கிறாரா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும், செய்தவரின் பொறுமையை அளந்துவிடலாம். வெளி மெருகில் ஆபத்து வேறு வகை. துணிச்சக்கரத்தில் அதிக நேரம் பிடித்தால் சூட்டில் அக்ரிலிக் இளகும், மூடியின் முனை மழுங்கும். நுண்தாளை நனைத்துக் கையால் தேய்ப்பவரின் பேனாவில் விளிம்புகள் கூர்மை கெடாமல் நிற்கும்.

கடைசியாகக் கிளிப். சட்டைப்பையில் குத்துபவருக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் மூடியின் கோலத்தில் ஒரு பட்டையை அது மறைத்துவிடும். வைப்பதென்றால் சுழல் மங்கலாக ஓடும் பக்கத்தைத் தேடி வைக்க வேண்டும். மேசைப் பேனாவுக்குக் கிளிப்பே வேண்டாம். உருண்டு விழாமலிருக்க மூடியில் ஒரு சிறு புடைப்பு போதும், சுழல் முழுசாகக் கண்ணுக்குக் கிடைக்கும்.